காசினியை ஏன் எரிச்சாங்க?

2017 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. நம்ம நேரத்துக்கு சாயங்காலம் 5.25. நாசா நேரலையைப் பார்த்துட்டு இருந்தேன். திரையில கூரா ஒரு முனை. அதுதான் காசினியோட சிக்னல். பார்த்துட்டு இருக்கும்போதே அந்த முனை சுருங்கி, காணாம போச்சு. சனி கிரகத்துல அது நடந்து முடிஞ்சு அப்பவே 83 நிமிஷம் ஆகியிருந்தது. சிக்னல் வந்து சேர அவ்வளவு நேரம்!

பக்கத்துல இருந்த நண்பன் கேட்டான். "நல்லாத்தானேடா வேலை செய்யுது, இதைப் போய் ஏன் அழிக்கணும்?"

நியாயமான கேள்வி. பதில் காசினிக்கு முன்னாடியே, கலிலியோ கலத்துல ஆரம்பிக்குது.

1989-ல் கிளம்பிய கலிலியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே கண்டம். குடை மாதிரி விரிய வேண்டிய பெரிய ஆன்டெனா 1991-ல் பாதியிலேயே சிக்கிக்கிச்சு. சின்ன ஆன்டெனாவை வச்சே 1995 டிசம்பர்ல வியாழனை அடைந்து, கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஓட்டினாங்க. யூரோப்பா நிலாவின் பனிக்கு அடியில் உப்புக்கடல் இருக்கலாம் என்பதற்கு ஆதாரம் தந்ததும் அதுதான். அந்தக் கண்டுபிடிப்பே அதுக்கு எமனா வந்தது!

ஏன்னா எரிபொருள் தீர்ந்தா கலத்தைத் திருப்ப முடியாது. ஈர்ப்பு விசைகள் இழுத்த இழுப்புக்குப் போய், என்னைக்காவது ஒருநாள் யூரோப்பா மேலேயே விழலாம். பூமியில் ஒட்டிக்கொண்ட கிருமி ஏதாவது அதில் உயிரோட இருந்தா? நாளைக்கு அங்கே ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடிச்சா, அது அந்த ஊர்க்காரனா, நாம கொண்டுபோய் விட்டதான்னு எப்படித் தெரியும்? பிற கோள்களை மாசுபடுத்தக் கூடாதுன்னு 1967 விண்வெளி ஒப்பந்தமும் சொல்லுது. அதனால 2003 செப்டம்பர் 21-ல், விநாடிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனுக்குள்ளேயே இறக்கிட்டாங்க.

காசினிக்கும் அதே கதை. 2004-ல் சனியை அடைந்தது. மறு வருஷமே என்செலடஸ் நிலாவின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீய்ச்சி அடிப்பதைக் கண்டுபிடிச்சது. உள்ளே கடல்!

"அப்ப ஹைகென்ஸ் கலத்தை 2005-ல் டைட்டன்ல இறக்கினாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?"ன்னு மடக்கினான் நண்பன். டைட்டன் தரையில் மைனஸ் 180 டிகிரி குளிர், அங்கே பூமிக் கிருமி பெருகுறது கஷ்டம். காசினியில் இருந்ததோ புளூட்டோனியம். அதோட சூடு பனியை உருக்கி, கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

சனியை விட்டே வெளியே அனுப்பிடலாமான்னுகூட யோசிச்சாங்க. கடைசியில் எடுத்த முடிவு, சாகும்போதும் வேலை வாங்குறது. 2017 ஏப்ரலில் டைட்டனின் ஈர்ப்பால் பாதையை வளைத்து, சனிக்கும் வளையங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் 22 சுற்று. வளையங்களின் நிறையைக் கணக்கிட முடிந்தது அதனாலதான்.

கடைசி நாளில் கேமரா வேலை செய்யலை. படம் அனுப்ப நேரம் பத்தாது. காற்றை முகர்ந்து பார்க்கும் கருவிகளின் தகவல் மட்டும் வந்துட்டே இருந்தது. வளிமண்டலம் கலத்தைப் புரட்டப் பார்க்க, ஆன்டெனாவை பூமிப் பக்கமே வச்சிருக்க சின்ன ராக்கெட்டுகள் முழு வேகத்தில் போராடின. கணிச்சதை விட அரை நிமிஷம் போல கூடுதலா தாக்குப்பிடிச்சது.

நம்ம மங்கள்யானுக்கு இப்படித் தேதி குறிக்கலை. ஆறு மாசத்துக்குன்னு போனது எட்டு வருஷம் கிட்ட உழைச்சு, 2022 ஏப்ரலில் மௌனமாயிடுச்சு.

என்செலடஸ்ல உயிர் இருக்கான்னு இன்னைக்கு வரை யாருக்கும் தெரியாது. ஒருவேளை இருக்கலாம்ங்கிற ஒரே சந்தேகத்துக்காக, இருபது வருஷம் கூடவே வாழ்ந்த கலத்தை தங்கள் கையாலேயே எரிச்சாங்க. பார்க்காத ஒரு நுண்ணுயிருக்குக் கொடுத்த அந்த மரியாதையை, நம்ம ஊர் ஆத்துக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்னு அன்னைக்குத் தோணுச்சு.