அச்சின் அடியில் ஒரு வெள்ளை வட்டம்



பழைய பட்டாளத்து லோரிகளைப் புதுப்பிப்பது பற்றிய நம் கலந்துரையாடலில் ஓர் அன்பர் எழுந்து கேட்டார்: "சரி செய்து ஓட வைத்த ராணுவ லோரிக்கு, இருட்டில் பார்க்கும் கருவியைப் பொருத்தலாமா?" விளம்பர இடைவேளை நெருங்கிவிட்டதால் இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அது எனக்கே நிறைவாக இல்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா 1950-களில் கெடா காட்டுப் பக்கம் மரம் இழுக்கும் லோரியில் கிளீனராக இருந்தவர். அந்த லோரிகளுக்கு 'சான் தாய் வோங்' என்று பெயர். சீனத்தில் மலை ராஜா என்று பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லோரிகளை வாங்கி, பின்னால் விஞ்சு பொருத்தி, காட்டில் கட்டை இழுக்க விட்டார்கள். தாத்தாவின் காலை வேலைகளில் ஒன்று, லோரியின் அடியில் படுத்து, பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் மூடியில் படிந்த சேற்றைச் சுரண்டுவது. அதில் வெள்ளைச் சாயம் அடித்திருந்தது. "எதுக்குன்னு தெரியாது. வெள்ளை தெரியணும்னு டிரைவர் ஏசுவாரு" என்று சொல்வார்.

எதற்கு என்பது எனக்கும் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

போர்க்காலத்தில் இரவில் போகும் ராணுவ லோரி முன்விளக்கைப் போட முடியாது. வானத்தில் விமானம் இருக்கும். ஆகவே விளக்குக்கு மூடி போட்டு, கீற்றளவு வெளிச்சம் மட்டும் தரையில் விழச் செய்தார்கள். பிரிட்டிஷ் லோரிகளில் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. வண்டியின் அடியில் ஒரு சின்ன விளக்கு, அந்த வெள்ளை உருண்டையின் மேல் மட்டும் ஒளி விழும்படி இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு மட்டும் இருட்டில் ஒரு வெள்ளை வட்டம் மிதப்பது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். வட்டம் மறைந்தால் வழி மறைந்தது!

அமெரிக்கர்கள் இதையே கணக்குப் போட்டுச் செய்தார்கள். அவர்களின் பின்விளக்கு 180 அடிக்கு அப்பால் ஒரே புள்ளியாகத் தெரியும். 180 அடிக்குள் வந்தால் இரண்டாகும். 60 அடிக்குள் நெருங்கினால் நான்காகிவிடும். இரண்டு தெரிகிற மாதிரி ஓட்டு, அதுதான் சரியான தூரம் என்று ஓட்டுநருக்குப் பாடம். மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணாடித் துண்டுகளை வைத்து தூரத்தை அளந்திருக்கிறார்கள்.

இப்போது 1941 டிசம்பருக்கு வருவோம். 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைக் குண்டு வீசித் தாக்கின. 12-ஆம் தேதி இரவு, ஜித்ராவிலிருந்து 11-ஆவது இந்திய டிவிஷன் பின்வாங்கியது. கொட்டும் மழை, பெரும்பாலும் ஒரே ஒரு சாலை, தகவல் தொடர்பு அறுந்த நிலை. பல பிரிவினருக்குப் பின்வாங்கும் கட்டளையே போய்ச் சேரவில்லை. 16, 17-ஆம் தேதிகளில் பினாங்கில் இருந்த ஐரோப்பியர்களைக் கப்பலேற்றினார்கள், நம்மவர்கள் கரையில் நின்றார்கள். 19-ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தனர்.

1942 ஜனவரி 7 விடிவதற்கு முன், சிலிம் ரிவரில் நடந்ததுதான் இந்தக் கதையின் உச்சம். பௌர்ணமி கழிந்து சில நாள்தான். ஜப்பானிய டாங்கிகளும் லோரிகளில் ஏறிய காலாட்படையும் பெரிய சாலையிலேயே நேராக வந்தன. இரவில் டாங்கி வராது என்று நம்பியிருந்தவர்கள் தடுமாறிப் போனார்கள். சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களைப் பின்னாலிருந்து வந்து தாக்கின. நான்கு நாளில், 11-ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது. இருட்டை யார் பயன்படுத்திக்கொண்டார்களோ அவர்களுக்குச் சாலை சொந்தமானது.

அந்தப் போரில் சென்னை மாகாணம் இந்திய ராணுவத்துக்கு ஏராளமான ஆட்களைக் கொடுத்தது. அவர்களில் பலர் துப்பாக்கிப் படைக்குப் போனவர்கள் அல்லர். லோரி ஓட்டவும், பாலம் கட்டவும், பண்டம் சுமக்கவும் போனவர்கள். போர்க்கதைகளில் தளபதிகளின் பெயர் வரும். லோரி ஓட்டியவர் பெயர் வருமா? சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில் கல்லறை இல்லாத 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. நம் ஊர்ப் பெயர்களைத் தேடிப் படிக்க, ஒரு நாளாவது அங்கே போய் நில்லுங்கள்.

இருட்டில் பார்க்கும் கருவியே அப்போது கிடையாதா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் ஆய்வுக்கூடத்தில்! நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் ஹோல்ஸ்ட் குழுவினர் 1934-லேயே அதற்கான குழாயைச் செய்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒரு தகட்டில் விழும். அங்கிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். உயர் மின்னழுத்தம் அவற்றை இழுத்து, ஒளிரும் திரையில் மோத வைக்கும். படம் தெரியும். பிரிட்டன் இதை 'டாபி' என்ற மறைபெயரில் லோரி ஓட்டுநருக்கான இரட்டைக்கண் கருவியாக ஆக்கியது. முன்விளக்கில் அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி, ஓட்டுநர் முகத்தில் கருவி. ஜெர்மனி போரின் கடைசிக் கட்டத்தில் பாந்தர் டாங்கியில் பொருத்தியது. ஜித்ரா சாலையில் மழையில் நின்றவனுக்கு இதில் எதுவும் வந்து சேரவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. நான் அகச்சிவப்பு விளக்கு போட்டால், அதே கருவி வைத்திருக்கும் எதிரிக்கு அது பட்டப்பகல் விளக்கு. அதனால்தான் பிறகு நட்சத்திர ஒளியைப் பெருக்கும் கருவிகளும், உடல் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் படமாக்கும் கருவிகளும் வந்தன. 2000-ஆம் ஆண்டு மாடல் கெடிலாக் டெவில் காரிலேயே சூட்டுப் படக் கருவி வந்துவிட்டது.

நான் வசிக்கும் பாயான் பாருவிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். 1972-இல் அங்கே முதலில் வந்த தொழிற்சாலைகளில் லிட்ரோனிக்ஸும் ஒன்று. பின்னர் சீமென்ஸ், அதன்பின் ஓஸ்ராம் என்று கைமாறிய ஆலை அது. கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் சில்லுகளும் இந்தத் தொழிலில் சேர்ந்தவைதான். தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பஸ்ஸேறி வந்து, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. நம்பாதவர்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமரா முன் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல கைப்பேசிகளில் ஊதா நிறத்தில் மின்னும். அதே குடும்பத்து ஒளிதான்.

ஆக, அன்பரின் கேள்விக்கு வருகிறேன். பொருத்தலாம். ஆனால் பழைய இரும்பில் துளை போடாதீர்கள். கழற்றக்கூடிய பிடியில் வையுங்கள். சூட்டுப் படக் கேமராவைக் கண்ணாடிக்கு உள்ளே வைத்துப் பயனில்லை, அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அந்தக் கால லோரிகளில் பல 6 அல்லது 12 வோல்ட். துணி சுற்றிய பழைய வயரில் புதுக் கருவியை இணைக்காமல், தனி பேட்டரி கொடுங்கள். பொதுச்சாலையில் முறையான விளக்கோடுதான் ஓட்ட வேண்டும். கருவியைக் காட்டுவதென்றால் சொந்த நிலத்தில் காட்டுங்கள்.

என் வருத்தமெல்லாம் வேறு. புதுப்பிப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் செலவு செய்கிறார்கள். மூடி போட்ட விளக்கையும் அடியில் இருந்த சின்ன விளக்கையும் துருப்பிடித்த சாமான் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்துப் பச்சை அடித்துவிடுகிறார்கள். அந்த லோரி எவ்வளவு குருடாக ஓடியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதானே? கேமரா வைத்த லோரியிலும் அந்த வெள்ளையை விட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய கட்டை லோரியின் படம் ஏதேனும் இருந்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்து வாருங்கள். பின்பக்கம் தெரியும் படமாக இருந்தால் இன்னும் நல்லது.