24 மில்லிமீட்டர் எங்கே போச்சு?

'ஃபுல் ஃபிரேம்'னு சொல்றோமே, அது எதோட ஃபுல்? பதில் சினிமா ஃபிலிம்ல இருக்கு. ஜெர்மனியில லைட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கவாட்டுல ஓடவிட்டு, 18×24 மி.மீ. கட்டத்தை 24×36 ஆக்கினார். 1925-ல அதே அளவோட லைக்கா விற்பனைக்கு வந்தது. அப்புறம் பல தலைமுறை லென்ஸுகள் அந்தக் கட்டத்துக்காகவே செஞ்சது.

1999-ல நிக்கான் டி1 வந்தது. பெரிய சென்சார் செய்ய செலவு அதிகம். அதனால இதுல சுமார் 24×16 தான். பழைய லென்ஸை மாட்டலாம், ஆனா ஓரமெல்லாம் வெட்டுப்படும். 300 மி.மீ. லென்ஸ் 450 மாதிரி ஆச்சு; விளையாட்டுப் படம் எடுக்கிறவங்களுக்குக் கொண்டாட்டம். நெரிசல்ல நிக்கிற செய்திப் புகைப்படக்காரர் பாடுதான் திண்டாட்டம். கையில இருந்த 24 மி.மீ. வைடு லென்ஸ் 36 ஆயிடுச்சு. பின்னால நகர இடமும் இல்லை!

தீர்வு ரெண்டு வழியா வந்தது. 2002-ல கேனான் 1டிஎஸ் முழு அளவு சென்சாரோட வந்தது. விலை சுமார் 8,000 டாலர். 2003-ல நிக்கான், சின்ன சென்சாருக்குன்னே 12-24 லென்ஸ் கொண்டுவந்தது. 12-ஐ 1.5-ஆல பெருக்குங்க: 18. போன வைடு திரும்பி வந்தாச்சு.

அதனால 'வைடுக்கு ஃபுல் ஃபிரேம்தான்'னு யாராவது சொன்னா, அது 1999-ஓட வலி. கடன் வாங்கி பாடியை மாத்துறதுக்கு முன்னாடி, லென்ஸைப் பாருங்க.