முதல் எண்ணமும் அபவாதமும்: ஜேன் ஆஸ்டினும் வத்தலக்குண்டு ராஜமய்யரும்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813ல் அச்சாகி வந்தது. ஆனால் அவர் அதை எழுத உட்கார்ந்தது 1796ல். அப்போது அவருக்கு இருபத்தோராவது வயது நடந்துகொண்டிருந்தது. கதைக்கு முதலில் வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது ஒருத்தரைப் பார்த்ததும் மனசில் விழுகிற முதல் எண்ணம். 1797ல் அவருடைய அப்பா ஒரு லண்டன் பதிப்பாளருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். அந்த ஆள் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1893ல், நம்ம வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். 1872ல் பிறந்தவர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். தொடர் 1895 வரை ஓடியது, 1896ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கு 'கமலாம்பாள் சரித்திரம்' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வைத்த முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'.

இந்த இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கட்டுரை. ஏறக்குறைய ஒரே வயசில் இரண்டு பேர், ஒரு மனுஷனை இன்னொரு மனுஷன் தப்பாக எடை போடுவதைப் பற்றி நாவல் எழுதுகிறார்கள். ஒருத்தர் அந்தத் தப்புக்கு 'முதல் எண்ணம்' என்று பேர் வைக்கிறார். இன்னொருத்தர் 'அபவாதம்' என்கிறார். முன்னது நம்ம கண்ணும் மனசும் செய்கிற தப்பு. பின்னது ஊர் வாய் செய்கிற தப்பு. ஏன் இங்கே அது இப்படி மாறுகிறது?

ஆஸ்டின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்களுக்காக. பென்னட் குடும்பத்தில் ஐந்து பெண்கள். வருஷ வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று எழுதி வைத்திருப்பதால், அப்பா கண்ணை மூடினால் வீடே தூரத்துச் சொந்தக்காரர் காலின்ஸ் கைக்குப் போய்விடும். வருஷத்துக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்ஸி ஊருக்கு வருகிறார். ஒரு நடன விருந்தில் எலிசபெத்தின் காதில் விழுகிற மாதிரியே அவளை மட்டமாகப் பேசுகிறார். அவ்வளவுதான், திமிர் பிடித்தவர் என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். இனிக்க இனிக்கப் பேசுகிற விக்கம் அவளுக்கு நல்லவனாகத் தெரிகிறான். பிறகு டார்ஸியே வந்து, உன் குடும்பம் எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் உன்னைப் பிடித்திருக்கிறது என்ற தோரணையில் கல்யாணம் கேட்கிறார். முடியாது என்கிறாள். மறுநாள் அவர் கொடுக்கிற நீளமான கடிதத்தைப் படித்த பிறகுதான் விக்கமையும் சரி, டார்ஸியையும் சரி, தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது அவளுக்கு உறைக்கிறது.

இந்தக் கதை நடக்க எத்தனை விஷயம் தேவைப்படுகிறது பாருங்கள். இருபது வயதான, கல்யாணமாகாத பெண் இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் நாலு பேர் முன்னாடி பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். முக்கியமாக, முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். எலிசபெத்துக்கு அந்த வாய்ப்பு ஒன்றும் சும்மா வரவில்லை. அவள் தோழி சார்லட்டுக்கு 27 வயது, கையில் காசு இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அதே காலின்ஸை அவள் கட்டிக்கொள்கிறாள். அங்கேயும் காசில்லாத பெண்ணுக்கு மறுப்பது கஷ்டம்தான். ஆனால் கதவு என்று ஒன்று இருந்தது.

இன்றைய தமிழ்நாட்டுக்கு ஆஸ்டினைக் கொண்டுவருவது பெரிய பாடில்லை. அவருடைய இன்னொரு நாவலை எடுத்து 2000ல் ராஜீவ் மேனன் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எடுத்தார், ஆஸ்டினைக் கேள்விப்படாதவர்களும் ரசித்தார்கள். 1893ன் அக்ரஹாரத்துக்குள் கொண்டுபோக முடியுமா என்பதுதான் கேள்வி. அன்றைய பிராமணக் குடும்பங்களில் பெண் வயசுக்கு வருமுன் கல்யாணம் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கே விலக்கு. பத்து வயசுக் குழந்தைக்கு மாப்பிள்ளையைப் பற்றி என்ன முதல் எண்ணம் இருக்க முடியும்?

ராஜமய்யர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதை எனக்குத் தெரிந்து போதுமான அளவுக்கு யாரும் பேசவில்லை. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் சாந்தி முகூர்த்தத்துக்கும் நடுவே சில வருஷங்கள் இருக்கும். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். பையன் எங்காவது படித்துக்கொண்டிருப்பான். தலை தீபாவளிக்கு வருவான், பண்டிகைக்கு வருவான், மைத்துனன்மார் கேலி செய்வார்கள், கதவு இடுக்கில் ஒரு பார்வை, தாழ்வாரத்தில் ஒரு வார்த்தை. காதல் என்று ஒன்று நடப்பதானால் அந்த இடைவெளியில்தான் நடக்க முடியும். முத்துஸ்வாமி ஐயர்–கமலாம்பாள் தம்பதியின் மகள் லக்ஷ்மிக்கும் மாணவன் ஸ்ரீநிவாசனுக்கும் நடுவே வளர்கிற பிரியத்தை அவர் இந்த மாதிரி இடத்தில்தான் வைக்கிறார். கல்யாணத்தில் முடிகிற காதல் கதையை நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். இது கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது.

இதைப் படிக்கும்போது பின்னணியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1891ல்தான் சம்மத வயதுச் சட்டம் வந்தது. பத்தாக இருந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள், அவ்வளவுதான். அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு, மதம் போச்சு என்று கூட்டம். அதற்கு முன்னால் பம்பாயில் ருக்மாபாய் வழக்கு. பதினோரு வயதில் கட்டிவைத்த புருஷனோடு வாழ மாட்டேன் என்று வளர்ந்த பிறகு அவர் சொன்னார். 1885ல் ஒரு நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1887ல் இன்னொரு நீதிபதி, புருஷன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயிலுக்குப் போ என்றார். ஜெயிலுக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். 1888ல் பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. அவர் லண்டன் போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பினார். எலிசபெத் ஒரு வரவேற்பறையில் சொன்ன அந்த 'முடியாது' என்ற வார்த்தையைச் சொல்ல, இந்தியாவில் ஒரு பெண்ணுக்கு ஹைகோர்ட்டு, பத்திரிகைகள், ஜெயில் மிரட்டல் எல்லாம் தேவைப்பட்டது. ராஜமய்யர் அந்தப் பக்கம் போகவில்லை. குழந்தைக் கல்யாணத்தை அவர் நாவல் எதிர்க்கவில்லை, இனிமையாகத்தான் காட்டுகிறது. அவர் வயசுக்காரரான அ. மாதவையா பின்னால் 'முத்துமீனாக்ஷி'யில் அதே வழக்கத்தின் கொடுமையை எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

சரி, தப்பாக எடை போடுவது இங்கே எப்படி நடக்கிறது? சிறுகுளம் என்கிற அந்தக் கற்பனை ஊரில் 'வம்பர் மகாசபை' என்று ஒன்று உண்டு. தண்ணி எடுக்கிற இடத்தில் கூடி ஊர்க்கதை பேசுகிற பெண்கள் கூட்டத்துக்கு ராஜமய்யர் வைத்த பட்டப்பெயர். படித்தால் சிரிப்பு தாங்காது. ஆஸ்டினின் மெரிட்டன் ஊரிலும் இதே கூட்டம் உண்டு. ஒரு மாசம் விக்கமைத் தேவதூதன் என்பார்கள், அடுத்த மாசம் அயோக்கியன் என்பார்கள். அங்கே இந்தப் பேச்சு எலிசபெத்தின் சொந்த முடிவுக்குத் துணை போகிறது. சிறுகுளத்தில் பேச்சே தீர்ப்பு.

கமலாம்பாள்மேல் பழி கிளம்புகிறது. பிள்ளை காணாமல் போய், சொத்தும் போய் நொந்திருக்கிற முத்துஸ்வாமி ஐயர், வருஷக்கணக்காகப் பிரியமாகக் குடும்பம் நடத்திய மனுஷன், அதை நம்பிவிடுகிறார். வீட்டை விட்டே கிளம்பிவிடுகிறார். கமலாம்பாளால் என்ன செய்ய முடியும்? டார்ஸி மாதிரி கடிதம் எழுதி விளக்கவா? தன்மேல் விழுந்த பழிக்கு அவள் பதில் சொல்ல அந்த ஊரில் எந்த மேடையும் இல்லை. இங்கே தப்பு நடப்பது கல்யாணத்துக்கு அப்புறம் என்பதால், திருத்திக்கொள்ள இன்னொரு சந்தர்ப்பமும் கிடையாது.

நாவலின் பின்பாதியில் சச்சிதானந்த சுவாமிகள் வந்து கதை வேதாந்தத்துக்குத் திரும்பிவிடுவதை விமர்சகர்கள் பல பேர் குறையாகச் சொல்வார்கள். முன்பாதி நாவல், பின்பாதி உபதேசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவியால் புருஷனைத் திருத்த முடியாது, ஊர் திருந்தாது, கோர்ட்டுக்குப் போகிற கதை இதில்லை. அப்படியானால் முத்துஸ்வாமி ஐயர் தன் மனசைத் தானே பார்க்க யாராவது ஒருத்தர் வேண்டும். ஆஸ்டினில் கடிதம் செய்கிற வேலையை இங்கே குரு செய்கிறார். ராஜமய்யருக்கு வேதாந்தத்தில் இருந்த பிடிப்பு பாதிக் காரணம் என்றால், கதை மாட்டிக்கொண்ட முட்டுச்சந்து மீதிக் காரணம்.

இப்போது அந்தஸ்து விஷயம். அக்ரஹாரத்துக்குள் ஏற்றத்தாழ்வு என்பது பணம்தான். மிராசுதார் வீடு, இல்லாதப்பட்ட வீடு. டார்ஸிக்கும் பென்னட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் கல்யாணம் நடப்பதற்குச் சாதிக் கட்டுப்பாடு இடமே விடாது. ஆகவே நிஜமான தூரம் தெருவுக்கு வெளியே இருக்கிறது. நாவலில் அந்த வெளியிலிருந்து வருகிறவன் பேயாண்டித் தேவன், கொள்ளைக்காரன். ராஜமய்யர் அவனை மரக்கட்டையாக எழுதவில்லை, பேச்சும் நடையுமாக உயிரோடுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அவன் திருடன்.

இங்கேதான் நம்ம ஊர்ச் சரித்திரம் குறுக்கே வருகிறது. நாவல் புத்தகமாக வந்த அதே 1896ல், திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கள்ளர்களுக்கு எதிராக ஒரு பெரிய கிளர்ச்சி நடந்தது. 'பண்டு' என்று பேர், ஆங்கிலத்து ஃபண்டுதான் அப்படி ஆனது. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று நடத்தினார். (நாவலில் வருகிற தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பேர் ஒற்றுமைதான்.) காலங்காலமாகக் கிராமக் காவல் கள்ளர்கள் கையில் இருந்தது, அதற்குக் கூலி உண்டு. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்க வேண்டும். இந்தக் காவலே வேண்டாம் என்று ஊர் ஊராகப் பணம் சேர்த்து, சொந்தக் காவல் போட்டு, கள்ளர்களை வெளியேற்றினார்கள். வீடுகள் எரிந்தன. விவசாயிகளுக்கு நியாயமான குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காமல், காவல்காரன் வேறு, திருடன் வேறு என்ற கணக்கே அழிந்து, ஒரு சாதி முழுவதும் திருடர் என்ற பேச்சு சர்க்கார் காகிதத்தில் கெட்டிப்பட்டது. 1911 குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது.

இதற்கெல்லாம் ஒரு நாவலின் பாத்திரத்தைக் குற்றம் சொல்வது அபத்தம். இருபத்தொரு வயசுப் பையன் தன் தெருவில் கேட்ட பேச்சை எழுதினான். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பெண்மேல் விழுந்த அபவாதம் எப்படிக் குடும்பத்தைச் சிதைக்கிறது என்று அத்தனை நுட்பமாகப் பார்த்த கண்ணுக்கு, பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூட்டத்தின்மேல் விழுந்துகொண்டிருந்த அபவாதம் படவில்லை. ஆஸ்டினும் இப்படித்தான். டார்ஸியின் 10,000 பவுண்டு எந்த நிலத்தில் யார் வேர்வையில் வந்தது என்று அவர் கதையில் யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கும் நம்ம பக்கம் சம்பந்தம் பேசினால் முதல் வேலை 'விசாரிக்கிறது'. மேட்ரிமோனி தளத்தில் சாதி, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் வடிகட்டிப் பார்த்த பிறகும், பெண் வீட்டுத் தெரு டீக்கடையில் ஒருத்தர் போய் நிற்பார். ஒரு மொட்டைக் கடுதாசியில் நின்றுபோன கல்யாணங்கள் நிலக்கோட்டையிலிருந்து பழனி வரைக்கும் ஊருக்கு நாலு சொல்லலாம். கடுதாசி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது.

ராஜமய்யர் தமிழில் வேறு நாவல் எழுதவில்லை. 1896ல் சென்னையில் ஆரம்பித்த 'பிரபுத்த பாரத' ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். 1898 மே மாதம் இறந்தார், வயது 26. தமிழில் அவர் நாவலின் பிற்காலப் பதிப்புகள் பெரும்பாலும் 'கமலாம்பாள் சரித்திரம்' என்றே வந்தன, அபவாதம் அட்டையிலிருந்து விழுந்துவிட்டது. 1998ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த விழுந்த பாதியே தலைப்பாகத் திரும்பி வந்தது, 'தி ஃபேட்டல் ரூமர்' என்று. மொழிபெயர்த்தவர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். கள்ளர்களைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியது சரிதானா என்று 1978லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவரும் அவர்தான்.