பசியைக் கொல்லும் கள்ளி

கலஹாரி பாலைவனத்தில் வேட்டைக்குக் கிளம்பும் சான் இனத்துக்காரர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதில்லை. வழியில் முள்ளும் சதையுமாக ஒரு செடி நிற்கும். ஒரு துண்டு ஒடிப்பார். முள்ளைச் சீவிவிட்டு, வெள்ளரிக்காய் மாதிரி கடித்துத் தின்பார். கசக்கும். ஆனால், அப்புறம் பசிக்காது. தாகம் எடுக்காது. மான் போன தடத்திலேயே நாள் முழுக்க நடக்கலாம். வயிற்றுக் கோளாறுக்கும் அதேதான் மருந்து.

செடியின் பெயர் ஹூடியா. பார்க்கத்தான் கள்ளி, உண்மையில் நம் ஊர் வேலியோரத்தில் முளைக்கும் கள்ளிமுளையானுக்குப் பங்காளி. நம் பாட்டிகள் துவையல் அரைத்தார்களே, அதேதான்.

1963-ல் தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில், பழங்குடிகள் தின்னும் காட்டுச் செடிகளை ஆராயக் கிளம்பியது. ஹூடியாச் சாறு கொடுத்த விலங்குகள் இளைத்தன. அட, இது தங்கச் சுரங்கமாச்சே! பசியை அடக்கும் அந்தச் சரக்கைப் பிரித்தெடுத்து, 1995-ல் காப்புரிமை கேட்டார்கள். 1997-ல் உரிமம் பிரிட்டனின் ஃபைட்டோஃபார்ம் கம்பெனிக்குப் போனது. மறு வருடம் அங்கிருந்து அமெரிக்காவின் ஃபைசருக்கு.

பட்டினியைத் தாங்கத் தின்ற செடி, தின்று கொழுத்தவர்களுக்கு மாத்திரையாகப் போகிறது. சரி, சொல்லிக்கொடுத்த சான் மக்களுக்கு? ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2001-ல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று இதைக் கிளறியது. ஃபைட்டோஃபார்ம் தலைவர் சொன்ன பதில்தான் உச்சம். அந்த மக்கள் அழிந்துபோய்விட்டதாக நினைத்தாராம்! அப்போது தெற்கு ஆப்பிரிக்காவில் சுமார் 1 லட்சம் சான்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வக்கீலைப் பிடித்தார்கள். கவுன்சில் பேச்சுவார்த்தைக்கு வந்தது. 2003 மார்ச்சில் ஒப்பந்தம்: ராயல்டியில் 6 சதவீதம், ஆராய்ச்சி ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் வரும் தொகையில் 8 சதவீதம்.

நான் படித்தது பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. மாத்திரை விற்ற பணத்தில் அல்ல இந்த 6. விற்கிற கம்பெனி ஃபைட்டோஃபார்முக்குக் கொடுத்து, அது கவுன்சிலுக்குக் கொடுத்து, கவுன்சிலுக்கு வந்ததில் 6. பங்கின் பங்கில் பங்கு!

அதுவும் வரவில்லை. அதே 2003-ல் ஃபைசர் விலகியது. 2004-ல் வந்த யூனிலீவர், பாதுகாப்பும் பலனும் போதவில்லை என்று 2008-ல் கைகழுவியது. மாத்திரையே வராதபோது ராயல்டி ஏது? இதற்கிடையே போலி ஹூடியா மாத்திரைகள் கொடிகட்டிப் பறந்தன. காட்டுச் செடியைக் கண்டபடி வெட்டினார்கள். 2004-ல் அதன் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

அப்படியானால் சான்கள் தோற்றார்களா? இல்லை. காட்டு அறிவுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று ஒப்புக்கொள்ள வைத்தார்களே. அந்தப் பிடியை அவர்கள் விடவில்லை. அடுத்து ரூயிபோஸ் என்ற மூலிகைத் தேயிலைக்குப் பங்கு கேட்டார்கள். கோய் இன மக்களும் சேர்ந்துகொண்டார்கள். 2019-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த முறை பங்கின் பங்கெல்லாம் கிடையாது. தோட்டத்து விலையில் நேரடியாக 1.5 சதவீதம். 2022-ல் முதல் தவணை வந்தது. 1.2 கோடி ராண்டுக்கு மேல்.

அழிந்துபோனதாகச் சொல்லப்பட்டவர்கள் கணக்கும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.