சிவன் என்னும் பெயர் தாங்கிய நால்வர்

ஒரே பெயரைப் பலர் தாங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கத் தொகை நூல்களைப் புரட்டுவோர் சாத்தனார் என்னும் பெயரைப் பலகாலும் காண்பர். ஒக்கூர் மாசாத்தனார் ஒருவர்; உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் ஒருவர்; பெருந்தலைச் சாத்தனார் ஒருவர்; மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் மற்றொருவர். பெயர் ஒன்றாயிருப்பினும், ஊரையும் தொழிலையும் பிறவற்றையும் அடையாகச் சேர்த்து, நூல்களைத் தொகுத்தோர் அவர்களைப் பிரித்துக் காட்டினர். கூலவாணிகன் என்னும் ஒரு சொல் எஞ்சியிராவிடில், தானியம் விற்ற வணிகர் ஒருவர் பெரும் புலவராகவும் விளங்கினார் என்ற செய்தியை நாம் இழந்திருப்போம்.

அடைமொழி இல்லாத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கு ஔவையாரே சான்று. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும், ஆத்திசூடி இயற்றிய ஔவையாரும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். எனினும் மக்கள் நினைவில் இருவரும் ஒரே மூதாட்டியாகிவிட்டனர். பெயர் நிலைத்தது, ஆட்கள் கலந்துபோயினர். அவர்களை மீண்டும் பிரித்தறிய ஆராய்ச்சியாளர் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

இக்கருத்தை நம் கண்ணெதிரே விளக்கிக் காட்டும் ஓர் உதாரணம் திருவனந்தபுர நகரிலேயே உண்டு. கடந்த நூற்றெண்பது ஆண்டுகளில் இந்நகரோடு வாழ்வு பிணைந்த நால்வர் ‘சிவன்’ என்னும் ஒரே பெயரால் புகழ் பெற்றனர். ஒருவர் பக்தர், ஒருவர் இசைப்புலவர், ஒருவர் நிழற்படக் கலைஞர், ஒருவர் விண்வெளிப் பொறியாளர். இந்நால்வர் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

வலியசாலையும் அதன் இறைவனும்

சிவன் என்னும் பெயரைப் பற்றிப் பேசுதற்கு நம் வலியசாலையினும் பொருத்தமான இடம் வேறில்லை. இங்குக் கோயில் கொண்டிருப்பவர் காந்தளூர் மகாதேவர். ‘வலிய’ என்பது மலையாளத்தில் பெரிய என்று பொருள்படும். ‘சாலை’ என்பதோ, இன்று நாம் கருதுவது போல் வண்டி செல்லும் வழியன்று. பழைய சாசனங்களில் அது மாணவர் உண்டு உறைந்து கற்ற கல்வி நிலையத்தைக் குறிக்கும்.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவினான். அதில் 95 மாணவர்க்கு இடம் வகுத்து, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனது செப்பேடு கூறுகிறது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியிலும் காந்தளூர்ச் சாலை இடம் பெறுகிறது. அங்கே அவன் ‘கலமறுத்த’ செயல் மரக்கலங்களை அழித்ததைக் குறிக்குமா, உண்கலங்கள் பற்றிய ஏற்பாட்டைக் குறிக்குமா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அச்சாலை இருந்த இடம் வலியசாலையே என்பாரும், விழிஞத்தை அடுத்தது என்பாரும் உளர். அவ்வாதத்துள் நாம் புகவேண்டுவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்க்கு உணவும் கல்வியும் அளிக்கும் ஒரு மரபு இந்நகரின் தொன்மையான நினைவுகளுள் ஒன்று என்பதே நமக்கு வேண்டியது. நாம் கூறப்போகும் வரலாற்றில் அம்மரபு மீண்டும் தோன்றும்.

முதலாமவர்: நீலகண்ட சிவன்

நாகர்கோவிலைச் சார்ந்த வடிவீசுவரத்தில் 1839-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்ட சிவன். சுப்பிரமணியன் என்பது அவரது இயற்பெயர் என்பர். திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்தில் வளர்ந்த அவருக்கு, அங்குக் கோயில் கொண்ட நீலகண்டசுவாமியே வழிபடு தெய்வமும் பாட்டுப் பொருளும் ஆயினார். அப்பக்தியே அவருக்குப் பெயருமாயிற்று.

சமஸ்கிருதமும் மலையாளமும் அரசவையில் சிறந்திருந்த நாட்டில் இருந்துகொண்டு, அவர் தமிழில் பாடினார். எளிய சொற்கள், உருக்கமான மெட்டுகள். பூர்விகல்யாணியிலும் முகாரியிலும் அவர் அமைத்த பாடல்கள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. 1900-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

‘சிவன்’ என்பதைப் பெயரின் ஈற்றில் தாங்குவது அக்காலத்தில் அவர் ஒருவர்க்கே உரிய வழக்கமன்று. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையும் ஒரே இராகமாலிகையில் அமைத்த வையைச்சேரி மகா வைத்தியநாதரையும் (1844–1893), அவருடைய தமையனார் இராமசாமியையும் சிவன் என்ற சிறப்போடு சேர்த்தே அக்காலத்தார் வழங்கினர். சிவபக்தியிற் சிறந்தாரைச் சிவனாகவே கருதி அழைத்த காலம் அது.

இரண்டாமவர்: பாபநாசம் சிவன்

1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இராமையா. ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். கைம்பெண்ணான தாயார் யோகாம்பாள், 1899-இல் தம் மக்களை அழைத்துக்கொண்டு, சகோதரரின் ஆதரவை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு இங்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. அன்று அவர்களை யாரும் ஒரு பொருளாகக் கருதியிருக்க இயலாது.

இந்நகரம் அச்சிறுவனைக் கைவிடவில்லை. அவர் மலையாளம் கற்றார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வியாகரணத்தில் பட்டம் பெற்றார். நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் இசையின் தொடக்கப் பாடங்களைக் கேட்டார். இவற்றினும் மேலாக, நீலகண்ட சிவனின் பாடல்கள் இந்நகரத்துப் பசனைகளில் அவர் செவியில் விழுந்தன. அவர் வந்த மறு ஆண்டே மூத்த சிவன் மறைந்துவிட்டார். ஆயினும் பாட்டு மறையவில்லை. தமிழில் பக்திப்பாட்டு இவ்வாறு அமையலாம் என்பதற்கு அச்சிறுவன் கண்ட முன்மாதிரி அதுவே. சோழநாட்டுப் பிள்ளையொருவர், சோழநாட்டை விட்டு வந்த இடத்தில், நாஞ்சில்நாட்டார் பாடிய தமிழைக் கேட்டுத் தமிழ் இசைப்புலவரானார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

1910-இல் தாயார் மறைந்தபின் அவர் தலயாத்திரை தொடங்கினார். தமையனார் வாழ்ந்த பாபநாசம் அவருக்குத் தங்குமிடமாயிற்று. மேனியெங்கும் திருநீறு பூசி, தன்னை மறந்து பாடிய அவ்விளைஞரைக் கண்ட தஞ்சைப் பகுதி மக்கள் சிவனே என்று அழைக்கலாயினர். இராமையா மறைந்தார்; பாபநாசம் சிவன் தோன்றினார். எனினும் தம் பாடல்களில் அவர் பொறித்த முத்திரை ‘இராமதாசன்’ என்பதே. ஊரார் அளித்த பெயர் ஒன்று. அவர் தமக்கென வைத்துக்கொண்ட பெயர் மற்றொன்று.

பின்னர்ச் சென்னையில் குடியேறி, மயிலைக் கபாலீசுவரர் கோயில் வீதிகளில் மார்கழிதோறும் பசனை நடத்தினார். தமிழ்த் தியாகையர் என்று போற்றப்பட்டார். திரைப்பட உலகமும் அவரை நாடியது. அசோக்குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) ஆகிய படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை இயற்றியவர் அவரே. கல்கியின் கதையைத் தழுவி 1939-இல் வெளிவந்த ‘தியாகபூமி’யில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். 1971-இல் சங்கீத கலாநிதி விருதும், 1972-இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. 1973 அக்டோபர் முதல் நாள் அவர் காலமானார்.

மூன்றாமவர்: நிழற்படக் கலைஞர் சிவன்

மூன்றாமவர் தமிழரல்லர், மலையாளி. 1932-இல் ஹரிப்பாட்டில் பிறந்த அவருடைய முழுப்பெயர் சிவசங்கரன் நாயர். தொழிலுக்கு அப்பெயர் நீண்டது போலும். ‘சிவன்’ என்ற சுருக்கமே நிலைத்தது. 1959-இல் அவர் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ‘சிவன்ஸ் ஸ்டூடியோ’வின் பெயர்ப்பலகையும் அப்பெயரையே தாங்கியது. புதிதாக உருவான கேரள மாநிலத்தின் அரசியல் தலைவர்களும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அவருடைய படப்பெட்டியின் முன் நின்றனர். 1965-இல் வெளிவந்து குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்ற ‘செம்மீன்’ படத்திற்கு நிழற்படங்கள் எடுத்தவர் அவரே. பின்னாளில் திரைப்பட இயக்குநராகவும் விளங்கினார். அவர் இயக்கிய ‘அபயம்’ சிறந்த சிறுவர் படமாகத் தேசிய விருது பெற்றது. 2021 ஜூன் 24-ஆம் நாள், 89-ஆம் வயதில் மறைந்தார்.

அவரது பெயரின் போக்கு தனித்தன்மை வாய்ந்தது. தந்தையின் பெயர்ச் சுருக்கம் மக்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. சங்கீத் சிவன், சந்தோஷ் சிவன், சஞ்சீவ் சிவன் என மூவரும் திரைத்துறையில் புகுந்தனர். சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த தளபதி (1991), ரோஜா (1992), இருவர் (1997) ஆகிய தமிழ்ப் படங்களை அறியாதார் அரியர். முன்னொரு காலத்தில் இந்நகரிலிருந்து ஒரு சிவன் தமிழ்த் திரைக்குச் சொல்லைக் கொண்டுசென்றார். மற்றொரு சிவன் ஒளியைக் கொண்டுசென்றார். இருவர்க்கும் உறவில்லை, பெயரும் ஊருமே பொது.

நான்காமவர்: விண்வெளிப் பொறியாளர் சிவன்

1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. அதற்கு ஐந்தரை மாதத்திற்குப் பின், 1957 ஏப்ரல் 14-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த மேலச்சரக்கல்விளையில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கை. சிவன். தந்தையார் பெயர் கைலாசவடிவு. தந்தை பெயரில் கைலாசம். மகன் பெயரில் அதன் தலைவன். நால்வருள் பெற்றோரே சிவன் எனப் பெயரிட்டு வளர்த்தவர் இவர் ஒருவரே.

அரசுப் பள்ளியில் தமிழ்வழி கற்றார். நாகர்கோவில் இந்துக் கல்லூரியிலும், 1980-இல் பட்டம் பெற்ற சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பயின்று, 1982-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இந்நகரின் கடற்கரையிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஏவுகலம் விண்ணில் ஏறியதையும், அங்கிருந்த மாதாகோயிற் கட்டடமே முதல் அலுவலகமாக உதவியதையும் நம்மவர் அறிவர். அத்தும்பாவில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்கு 2015 முதல் 2018 வரை அவர் இயக்குநராயிருந்தார். அதற்கு முன், வலியமலையிலுள்ள திரவ உந்துவிசை மையத்திற்கும் தலைமை தாங்கினார். 2014 ஜனவரி 5-ஆம் நாள் நம் நாட்டிலேயே செய்த கிரயோஜெனிக் பொறியோடு ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதன்முறையாக வெற்றி கண்டபோது, அத்திட்டத்தின் இயக்குநர் அவரே.

2018 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை அவர் அந்நிறுவனத்தின் தலைவர். 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் விடியுமுன், சந்திரயான்-2 அனுப்பிய தரையிறங்கு கலம் நிலவை அணுகும் வேளையில் தொடர்பை இழந்தது. கலங்கி நின்ற அவரைப் பிரதமர் தழுவித் தேற்றிய காட்சியை நாடே கண்டது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள், அவருக்குப் பின்வந்த சோமநாதின் தலைமையில் சந்திரயான்-3 நிலவில் இனிதே இறங்கிற்று. அவ்விடத்திற்குச் ‘சிவசக்தி’ என்று பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் இவரைக் குறித்து இடப்பட்டதன்று. ஆயினும் நூறாண்டு கழித்து ஒருவர், இவர் பெயரால்தான் அவ்விடம் அழைக்கப்படுகிறது என்று எழுதினால் வியப்பதற்கில்லை. பெயரொற்றுமை விளைக்கும் மயக்கம் அத்தகையது.

பெயர் வந்த வழி நான்கு

இனி நால்வரையும் ஒப்புநோக்குவோம். நீலகண்டர்க்கு இப்பெயரைப் பக்தி தந்தது. இராமையாவுக்கு ஊரார் தந்தனர். சிவசங்கரனுக்குத் தொழில் தந்தது. கைலாசவடிவின் மகனுக்குப் பெற்றோர் தந்தனர். மூவர் வேறு பெயரோடு பிறந்து இப்பெயரை அடைந்தனர். ஒருவர் இப்பெயரோடு பிறந்து அதற்குப் புதுப்பொருள் சேர்த்தார். ஆகவே பெயர் யாருக்கும் புகழ் தரவில்லை. நால்வரும் தத்தம் உழைப்பால் பெயருக்குப் புகழ் தந்தனர்.

மற்றொன்றும் காண்கிறோம். முதலாமவரும் நான்காமவரும் நாகர்கோவிலைச் சார்ந்த நாஞ்சில்நாட்டு மண்ணிற் பிறந்தோர். முன்னவர் காலத்தில் அம்மண்ணும் இந்நகரும் ஒரே அரசின்கீழ் இருந்தன. பின்னவர் காலத்தில் இடையே மாநில எல்லை எழுந்துவிட்டது. எல்லை எழுந்தபின்னும் இந்நகரம் வருவோர்க்கு இடம் தருவதை நிறுத்தவில்லை. பண்டைக் காந்தளூரில் மாணவர்க்குச் சோறும் கல்வியும் கிடைத்தன. கைம்பெண்ணின் மகனுக்குச் சமஸ்கிருதக் கல்லூரி கிடைத்தது. உழவர் மகனுக்குத் தும்பா கிடைத்தது. மலையாள நாடு நமக்கு அளித்த இந்நன்மையை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

நமக்குரிய கடமை

நால்வரும் பெரும்புகழ் பெற்றமையால் அவர்களைப் பிரித்தறிய அடைமொழிகள் கிடைத்தன. நம் வீதிகளில் வாழ்ந்து மறைந்த எண்ணற்ற சுப்பிரமணியன்களுக்கும் இராமையாக்களுக்கும் அத்தகைய அடைமொழியை யார் தருவர்? அவருள் கணக்கெழுதியோர் உளர். கடை வைத்தோர் உளர். பள்ளியில் கற்பித்தோர் உளர். அடுக்களையில் உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய யோகாம்பாள்களும் உளர். நம் முன்னோர் தம் பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் எழுதி வந்தனர். இன்றைய பிள்ளைகள் பலர் ஊரெழுத்தை விட்டுவிட்டனர். அவ்வோர் எழுத்து மறையும்போது, எவ்வூரிலிருந்து எக்காலத்தில் எதற்காக இங்கு வந்தோம் என்ற வரலாறும் உடன் மறைகிறது. பின்னர் ஒரு பெயருடையார் பலரும் ஒருவராகி, முடிவில் ஒருவருமில்லாராவர்.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் இல்லத்து மூத்தோர் பெயரை, ஊரோடும் தொழிலோடும் இங்கு வந்த ஆண்டோடும் சேர்த்து ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். செப்பேடு வேண்டுவதில்லை, ஒரு குறிப்பேடு போதும். கூலவாணிகன் என்று எழுதிவைத்த அந்தப் பெயரறியாத தொகுப்பாளர் தமிழுக்குச் செய்த தொண்டு அதுவே. அத்தொண்டை இவ்வாண்டு மலர் வெளிவரும் இந்நாளில் நாமும் தொடங்குவோமாக.