வைப்பாற்றுத் தலைநீர்ப்பகுதியும் சிவகாசியின் வறட்சியும்

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் தோற்றத்திற்கு இரு காரணங்கள் கூறப்படுவது வழக்கம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தமை ஒன்று. வேளாண்மைக்கு உதவாத வறண்ட நிலம் மற்றொன்று. இரண்டாவது காரணம் இயற்கையின் விதியாகவே கொள்ளப்படுகிறது. வைப்பாற்றுப் படுகையின் நீர்வரலாறு இக்கருத்தைத் திருத்தவேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் அதனுடன் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையை மலை மறைப்பதால், இப்படுகை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் சார்ந்துள்ளது. எனவே ஆற்றில் குறுகிய காலமே ஓடும் நீரைத் தேக்கிவைப்பதே இங்கு வேளாண்மையின் அடிப்படையாயிற்று.

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் கண்மாய்கள் சங்கிலித்தொடராக அமைந்துள்ளன. மேற்கண்மாய் நிறைந்தபின் மறுகால் பாயும் நீரைக் கீழ்க்கண்மாய் பெறுகிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இவ்வமைப்பின் தலைப்பகுதியில் பிற்காலத்தில் கட்டப்பட்டவை. மலையடிவாரத்தில் நெல் விளைய, கிழக்கே சிவகாசி, சாத்தூர்க் கரிசலில் பருத்தியும் சிறுதானியங்களும் மானாவாரியாகப் பயிராயின. இவ்வேறுபாடு மழையளவால் மட்டும் விளங்குவதன்று. படுகையில் ஓர் ஊர் அமைந்துள்ள இடமும் அதனைத் தீர்மானிக்கிறது.

மேலும், வறண்ட நிலம் வெறும் நிலமாக இருந்ததில்லை. வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கிடைத்துள்ளன. கைத்தொழிலும் கடற்கரைத் தொடர்பும் இப்பகுதிக்குப் பட்டாசுக்கு நெடுங்காலம் முந்தியவை என்பதற்கு இவை சான்று.

கண்மாய்ச் சங்கிலியில் ஒரு கண்மாய் தூர்ந்தால் அதன் கொள்ளளவு குறையும். வரத்துக்கால்வாய் அடைபட்டால் அடுத்தடுத்த கண்மாய்களும் நீரிழக்கும். குடிமராமத்து இதனைத் தடுக்கும் ஊர்ப்பொறுப்பாக இருந்தது. சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாக்க முயன்றது. ஊர்வழக்கு தானே நிலைபெற்றிருப்பின் இத்தகைய சட்டம் வேண்டியிராது. ஆதலின் கடைமடையின் வறட்சியில் மழைக்கு மட்டுமன்றிப் பராமரிப்பின் வரலாற்றுக்கும் பங்குண்டு.

பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் கேரளத்தின் எதிர்ப்பால் நிறைவேறாதுள்ளது. அது நிறைவேறினும் நீரை ஏற்கக் கண்மாய்களும் கால்வாய்களும் வேண்டும். வறட்சியை இயற்கை விதியெனக் கொண்டால், ஆபத்து நிறைந்த தொழிலும் இம்மக்களின் தவிர்க்கவியலா விதியாகத் தோன்றும். தலைநீர்ப்பகுதியின் வரலாறு அம்முடிவுக்கு இடந்தரவில்லை.