தோள்சீலையும் வானவில் கொடியும்

ஜூன் மாசம் வந்தால் போதும், இங்கே நம்ம தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் ஒரு பேச்சு கண்டிப்பாகக் கிளம்பும். "பிரைட் ஊர்வலத்துல சர்ச் பேனரைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க, தண்ணி பாட்டில் குடுக்கிறாங்க, இதெல்லாம் எந்த வேதத்துல இருக்கு?" என்று யாராவது ஒரு அண்ணாச்சி ஆரம்பிப்பார். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்க ஊர் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக் கொள்கிறேன்.

எங்க ஊர் குளத்தூர். நெய்யாற்றின்கரை தாலுகா, பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் கேரளாவில் நின்றுவிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சபைகள் ஒரே வேரில் முளைத்தவை. 1806-ல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார், 1809-ல் மயிலாடியில் சர்ச் கட்டினார். பிறகு சார்லஸ் மீட் போன்ற லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். பாறசாலையும் அந்த மிஷனின் ஒரு முக்கிய இடம். 1947-ல் இந்தச் சபைகள் சி.எஸ்.ஐ.க்குள் வந்தன.

அந்தக் காலத்தில் எங்க ஊர்ப் பெண்கள் தோளை மூடக்கூடாது. அது ஆசாரம், அது ராஜ்ஜியத்தின் ஒழுங்கு என்றார்கள். மூடினால் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1829-ல் வந்த அரசாணையும் மேல்சாதிப் பெண்களைப் போலச் சீலை போட அனுமதி மறுத்தது. 1858, 59-ல் கலவரம் முற்றி, சர்ச்சுகளும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகுதான், 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா தோளை மூடலாம் என்று விளம்பரம் செய்தார். அதிலும் மேல்சாதி மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை!

அப்போது சபை பாதுகாப்பாக ஒதுங்கி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதனால்தான் நம்ம பாட்டிமார் தலை நிமிர்ந்தார்கள்.

நிற்க. அடுத்த வருஷமே, 1860-ல், அதே வெள்ளைக்காரன் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதினான். அதில் 377-ஆம் பிரிவு. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்க அது பயன்பட்டது. ஒரு பக்கம் நம் பெண்களுக்காகப் பரிந்து பேசிய சாம்ராஜ்யம், மறுபக்கம் வேறு ஒரு கூட்டத்தை ஒளிந்து வாழ வைத்தது. அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்க 2018 செப்டம்பர் 6 வரை ஆனது.

"பிரைட்டும் சர்ச்சும் வெள்ளைக்காரன் கூத்து" என்பார்கள். ஒரு பாதி சரி. 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் டிராய் பெர்ரி என்ற போதகர் தன் வீட்டு ஹாலில் பன்னிரண்டு பேரோடு ஆராதனை நடத்தினார். எல்லாச் சபைகளும் விரட்டிய ஒருபாலீர்ப்பாளர்களுக்கான சபை அது. 1970-ல் அந்த ஊரின் முதல் பிரைட் ஊர்வலத்தை நடத்தியவர்களிலும் அவர் ஒருவர்.

மறுபாதி நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. 2016 டிசம்பர் 30-ல் கொச்சியில் திருநர்களுக்காக 'சஹஜ்' என்று ஒரு சின்னப் பள்ளி திறந்தார்கள். திறந்து வைத்தவர் நம்ம கல்கி சுப்பிரமணியம். அதற்கு இடம் தர வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மறுக்க, கடைசியில் கட்டிடம் கொடுத்தவர்கள் கார்மேல் அன்னை சபைக் கன்னியாஸ்திரிகள். 2017-ல் கொச்சி மெட்ரோ குடும்பஸ்ரீ மூலம் திருநர்களை வேலைக்கு எடுத்தது. சம்பளம் உண்டு, வாடகைக்கு ரூம் இல்லை! சிலர் வேலையையே விட்டார்கள். அப்போதும் தங்க இடம் கொடுக்க முன்வந்தவர்கள் கன்னியாஸ்திரிகள்தான். செங்கல்பட்டுப் பக்கம் பாரதி என்ற திருநங்கை, 2010களின் தொடக்கத்தில் போதகராகவே அபிஷேகம் பெற்றார்.

இதனால் சபைகளின் உபதேசம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கத்தோலிக்க சபையின் போதனை அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிஸ்டர்கள், விவாதம் முடியட்டும், பிறகு கதவைத் திறக்கலாம் என்று காத்திருக்கவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்தொகை போடுகிறவனுக்குத் தெரியும், எல்லாக் கணக்கும் நேரானபிறகுதான் உதவி செய்வேன் என்றால் யாருக்கும் உதவி செய்ய முடியாது.

அண்ணாச்சிகள் சொல்கிற "ஆசாரம்", "ஒழுங்கு", "வெட்கம்" எல்லாம் அன்றைக்கு நம் பெண்களின் தோளைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன அதே வார்த்தைகள். இரண்டு பிரச்சினையும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவனின் வலி ஒன்றுதான்.

இங்கே வளர்கிற நம் பிள்ளைகளில் ஒருவன், ஒருத்தி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் "அப்பா, நான் இப்படி" என்று சொல்லலாம். அதற்கு முன்னால் நாம் பேசியதை எல்லாம் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் வளர்ந்திருக்கும். அந்தப் பேனரைப் பிடித்து நிற்கிறவர்கள் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு "வா" என்கிறார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையைத் தெருவில் நிற்கிறவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டுமா?